தனம் சொன்ன சாட்சி

அந்த வீடியோ நான்கு நிமிடம் பதினொரு நொடி ஓடும். மேடவாக்கம் பக்கம், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் கூடும் சின்ன சபை ஒன்றின் ஞாயிறு ஆராதனை. மஞ்சள் புடவை கட்டிய பெண் ஒருத்தி மைக்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மைக் பழக்கமில்லாதவள். வாயோடு ஒட்டிவைத்துப் பேசுவதால் வார்த்தைக்கு வார்த்தை ஸ்பீக்கர் இடிக்கிறது.

"எம் பொண்ணு ஜாஸ்மினுக்கு ரத்தத்துல பிளேட்லெட்டு எட்டாயிரந்தான் இருந்துச்சு. நமக்கெல்லாம் ஒன்னரை லட்சம் இருக்கணுமாம். வெள்ளிக்கெழம நம்ப சபைல உபவாச ஜெபம் பண்ணோம். சனிக்கெழம காலைல டெஸ்ட் எடுத்தா நாப்பத்திரண்டாயிரம்! ஆண்டவர் எம் பொண்ணுக்கு சுகம் குடுத்துட்டாரு!"

சபை கைதட்டுகிறது. அவள் தன் போனைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். போன் திரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருக்கும் பெண், முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரிக்கிறாள். "தேங்க்யூ ஜீசஸ். அம்மா, போதும்மா, வெச்சிரு. அசிங்கமா கீறேன்." சபை முழுக்கச் சிரிப்பு. கடைசியில் அந்தத் தாய், யாருக்காவது ஆறுதல் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று தன் போன் நம்பரை இரண்டு தடவை சொல்கிறாள்.

இது சென்ற வருடம் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. அதிலிருந்து இருபத்துமூன்றாம் நாள் ஜாஸ்மின் இறந்துபோனாள். வயது பத்தொன்பது. வீடியோ மட்டும் அப்படியே இருந்தது. முப்பத்தோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

வீடியோவில் பேசிய அந்தத் தாய் தனத்துக்கு நாற்பத்துநான்கு வயது. தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலர், கைப்பட்டி, பட்டன் துளை, பக்கத் தையல் என்று கையோட்டத்திலேயே குறை கண்டுபிடிப்பாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினாறு வருட அனுபவம். அவள் சரியென்று அனுப்பிய சட்டையில் அடுத்த மேசையில் குறை கண்டுபிடித்தவர்கள் கிடையாது.

பிறந்தது இந்துக் குடும்பம். ஆற்றோரக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றி அனுப்பப்பட்ட முதல் வாரம், ஜாஸ்மினுக்குக் காய்ச்சல் நூற்று நான்கு. ஊர் தெரியாது, ஆள் தெரியாது. பக்கத்து பிளாக்கில் யாரையோ பார்க்க வந்திருந்த பாஸ்டர் துரையின் மனைவி பியூலா, தன் ஸ்கூட்டியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அடுத்த ஞாயிறு தனம் சபைக்குப் போனாள். அவ்வளவுதான் கதை. ஞானஸ்நானத்தின்போது வேறு பெயர் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். "ஆதார், ரேசன், பி.எஃப். மூணுலயும் நீங்களே வந்து மாத்திக் குடுத்தா வெச்சிக்கிறேன்" என்றாள். தனமாகவே இருந்துவிட்டாள்.

கணவன் யேசுதாசன் பிறவிக் கிறிஸ்தவன். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தவிர சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், பெண் செத்தபின் அந்த இரண்டு நாளையும் நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தனம் புடவை மடிப்பைச் சரிசெய்யும்போது கட்டிலில் படுத்தபடியே கேட்பான். "இன்னா, கெளம்பிட்டியா? அன்னிக்கி ஆண்டவரு எங்க போயிருந்தாருன்னு கேட்டுகினு வா. லீவா இன்னான்னு."

அவள் பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளுக்கும் அதே கேள்விதான்.

கேள்வி ஜாஸ்மின் செத்த அன்றைக்கு வந்ததல்ல. சபையில் அப்படிச் சாட்சி சொன்னதற்கு மறுநாளுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அன்று மறுபடி எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் ஒன்பதாயிரம். தனம் தாளை நர்ஸிடம் நீட்டி, "தப்பா போட்டுக்கீறாங்க சிஸ்டர், சனிக்கெழம நாப்பத்திரண்டு இருந்துச்சே" என்றாள். நர்ஸ் கையுறையைக் கழற்றியபடி, கோபம் எதுவுமில்லாமல் சொன்னாள். "அது வெள்ளிக்கிழமை ஏத்துன பிளேட்லெட்மா. உங்க சர்ச் பையன் ஒருத்தர் வந்து குடுத்தாரே, அது. மூணு நாள், நாலு நாள்தான் நிக்கும். உங்க பொண்ணு உடம்பு இன்னும் சொந்தமா ஒண்ணும் செய்யல."

தனம் கையிலிருந்த தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். பதினாறு வருடமாக ஒரு விட்ட தையலைக்கூடத் தவறவிடாதவள், ஏற்றிய ரத்தத்தை அற்புதம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண் இன்னும் உயிரோடு இருந்தாள். சொன்னதை ஆண்டவர் மெய்யாக்கிவிடுவார் என்று மீதி நாட்களை ஓட்டினாள். எலும்பு மஜ்ஜையை மாற்றினால்தான் ரத்தம் சொந்தமாக ஊறும் என்றார்கள். ஜாஸ்மினுக்குப் பொருந்துகிற மஜ்ஜை யாரிடமும் கிடைக்கவில்லை. கூடப்பிறந்தவர்கள் கிடையாது.

அடக்கம் முடிந்த வாரம் பாஸ்டர் துரை வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி கேட்டார். "சிஸ்டர், அந்த வீடியோ... எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும் பாஸ்டர்."

அதை அவர் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபித்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் முதல் போன் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குரல். "சாட்சி பார்த்தேன் சிஸ்டர். இப்போ உங்க பிள்ளை எப்படியிருக்கா?"

நெஞ்சு யோசிப்பதற்கு முன் வாய் சொல்லிவிட்டது. "நல்லா கீறா."

போனை வைத்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டாள். ஆனால் அந்த ஒரு நிமிடம், பேசிக்கொண்டிருந்த அந்த ஒரே ஒரு நிமிடம், ஜாஸ்மின் பக்கத்து அறையில் தலை சீவிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அடுத்த போனுக்கு, "காலேஜுக்குப் போய்க்கீறா" என்றாள். அதற்கடுத்தவருக்கு, "பி.காம். முடிக்கப் போறா, ஸ்கூட்டி வாங்கிக் குடுத்துக்கீறோம்." எட்டு மாதத்தில் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் ஜாஸ்மின் உயிரோடு இருந்தாள். சபையில் எல்லோரும் எழும்பிப் பாடும்போது தனத்தின் வாய் மூடியே இருக்கும். போனில் மட்டும் சரளமாகத் திறக்கும்.

பதினைந்தாவது போன் ஜனவரியில், ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. சாப்பாட்டு மணி அடித்து, டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள்.

"அக்கா, என் பேரு சுஜி. பெருங்களத்தூர். இங்க வார்டுல ஒருத்தங்க உங்க வீடியோவ காமிச்சாங்க. நாங்க இந்து, பரவாயில்லையா பேசலாமா?"

"பேசும்மா. அதுக்கின்னா."

"என் பொண்ணு ஸஹானா, எட்டு வயசு. உங்க பொண்ணுக்கு வந்த அதே வியாதி. அதே ஆஸ்பத்திரி. இப்போ எப்படி இருக்காங்க ஜாஸ்மின்?"

"நல்லா கீறா. வண்டியில தாம்பரம் போயிருக்கா."

மறுமுனையில் சுஜி அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். "ஐயோ அக்கா, எனக்கு இது போதும். என்ன தெரியுமா, இவ தம்பி இருக்கான், நாலு வயசு. அவன் மஜ்ஜை இவளுக்குப் பொருந்துதாம். மாத்திடலாம், திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடுன்னு டாக்டர் சொல்றாரு. மாமியார் வீட்ல ஒரே சண்டை. ஒண்ணுதான் படுத்துருக்கு, இன்னொண்ணையும் குத்திக் கெடுக்கணுமான்னு. உங்க பொண்ணுக்கு ஜெபத்துலயே சரியாயிடுச்சில்ல? அப்போ நானும் வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். ஒரே ஒரு உதவி. ஜாஸ்மின ஒரு தடவை கூட்டிட்டு வரீங்களா? என் பொண்ணு கண்ணாடியே பாக்க மாட்டேங்குறா. அவங்களப் பார்த்தா நம்புவா."

தனத்தின் விரலில் சோறு ஒட்டிக் காய்ந்தது. பொருந்துகிற மஜ்ஜை இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. தன் சொல்லைக் கேட்டு சுஜி அதை வேண்டாம் என்கிறாள்.

"நான்... சனிக்கெழம வரேன்மா. அதுவரைக்கும் ஒன்னியும் முடிவு பண்ணாத."

அன்று பிற்பகல் அவள் மேசையில் நல்ல சட்டைகளுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் விழுந்தது. பக்கத்து மேசை ஸ்ரீவித்யா எட்டிப் பார்த்தாள். "இன்னா தனம், தச்சவன் மேல காண்டா? எல்லாத்தையும் ஃபெயில் பண்ணிக்கினு கீற?" தனம் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தாள். பிசுபிசுப்பு துணியில் தங்கிவிட்டது.

வீட்டில் யேசுதாசனிடம் சொன்னாள். பதினாலு போனையும் சேர்த்துச் சொன்னாள். அவன் பீடியைப் பற்றவைக்க மறந்து வாயிலேயே வைத்திருந்தான்.

"பதினாலு பேருகிட்டயா? ஸ்கூட்டிலாம் வாங்கிக் குடுத்தியா?"

"ம்."

"இன்னா கலரு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. "நீலம்" என்றாள்.

யேசுதாசன் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு தனம். அவ செத்துட்டா."

"உனக்கு செத்துட்டா. எனக்கும் செத்துட்டா. அந்த வீடியோ பாக்குறவங்களுக்கு இல்லய்யா. நான் வாயத் தொறந்தா அங்கயும் செத்துடுவா."

"தொறக்கலன்னா அந்தக் கொழந்த செத்துடும்."

யேசுதாசன் எழுந்து வெளியே போனான். நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் தோள் குலுங்குவது உள்ளிருந்தே தெரிந்தது.

சனிக்கிழமை அரைநாள் விடுப்பு. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தானாகவே வழி கண்டுபிடித்தது. மருந்துக்கடை, ஜூஸ் கடை, செருப்பு கழற்றும் இடம். மூன்றாம் மாடி. பத்து மாதமாக இந்தப் படியை மிதிக்கவில்லை. வார்டு வாசலில் முகக்கவசத்தோடு ஒரு பெண் ஓடிவந்தாள். முப்பதுகூட இருக்காது. செல்போன் கடைச் சீருடையில் இருந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருப்பாள் போல. தனத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஜாஸ்மின் வண்டி நிறுத்தப் போயிருக்காங்களா?"

"இல்ல சுஜி. வா, அங்க உக்காரலாம்."

"வரலையா? பாப்பாகிட்ட சொல்லிட்டேனே அக்கா. தலைக்குக் குல்லாகூடப் போட்டுட்டு ரெடியா உக்காந்திருக்கா."

ஜன்னலோர பெஞ்சில் உட்கார வைத்தாள். பஸ்ஸில் வழிமுழுக்கச் சொல்லிப் பழகிய வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "ஜாஸ்மின் போன மார்ச்சுல செத்துட்டாம்மா. இதே வார்டு. உள்ள போனா எடது பக்கம் ரெண்டாவது கட்டில்."

சுஜிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "புதன்கிழமை நல்லா இருக்கான்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"வண்டியில போயிருக்கான்னு..."

"வண்டியே இல்ல. எல்லாம் பொய்."

சுஜி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நீங்கல்லாம் மனுஷங்களா? உங்கள நம்பி டாக்டர்கிட்ட முகத்துல அடிச்ச மாதிரி பேசிட்டு வந்தேன். என் புருஷன்கிட்ட, என் மாமியார்கிட்ட... சாமி பேரச் சொல்லி பொய் சொல்றீங்களே!"

வராந்தாவில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனம் தலை குனியவில்லை. பிளேட்லெட் எட்டாயிரம் எப்படி நாற்பத்திரண்டாயிரம் ஆனது, எப்படி மூன்றே நாளில் ஒன்பதாயிரம் ஆனது, நர்ஸ் என்ன சொன்னாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "அது ஏத்துன ரத்தம்மா. நான் தெரியாம சாட்சி சொல்லிட்டேன். தெரிஞ்ச அப்பாலயும் மூடிக்கினு இருந்தேன். ஒம் பையனோடது பொருந்துதுன்னா ஓடிப் போய் கையெழுத்துப் போடு. எனக்கு அது கெடைக்கலடி. கெடைக்காமத்தான் போயிட்டா. அவனுக்கு ஒன்னியும் ஆவாது, டாக்டரையே கேளு."

சுஜி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள். "இன்னும் சர்ச்சுக்குப் போறீங்களா?"

"போறேன்."

"எதுக்கு? அவரு ஒண்ணும் பண்ணலையே உங்களுக்கு."

இந்தக் கேள்வியை யேசுதாசன் நூறு விதமாகக் கேட்டிருக்கிறான். அவனிடம் ஒருநாளும் சொல்லாததை, தன்னை வெறுத்துக்கொண்டிருக்கும் இந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"கடைசி நாளு அவளுக்குக் கண்ணு சரியா தெரில. ரொம்ப பயந்தா. எல்லாரும் சொல்றாங்க, விசுவாசத்தோட அமைதியா போனான்னு. இல்ல. பயந்தா. எங்கையப் புடிச்சிகினு, 'அம்மா, அங்க யார்னா இருப்பாங்களா, தனியா போவணுமா'ன்னு கேட்டா. நான், 'இருப்பாரு கண்ணு, கைப்புடிச்சி கூட்டிகினு போவாரு, நீ பயப்படாத'ன்னு சொன்னேன். நாலஞ்சி தபா சொன்னேன். அத கேட்டுட்டுத்தான் கைய விட்டா."

வார்டு கதவைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"அவரு இருக்காரா, எனக்குத் தெரில சுஜி. பாதி நாளு இல்லன்னுதான் தோணுது. ஆனா இல்லன்னு நான் முடிவு பண்ணிட்டா, எம் புள்ளய பொய் சொல்லி இருட்டுல அனுப்பிட்டேன்னு ஆயிடும். ஊருக்கு சொன்னது பொய்யா போச்சு. ஒங்கிட்ட சொன்னதும் பொய். அவகிட்ட சொன்ன அது ஒன்னாவது நெஜமா இருக்கணும். அதுக்குத்தான் போறேன். வாரா வாரம் போயி, இருக்கீங்களா, அவ கைய புடிச்சீங்களான்னு கேக்கறேன். வேற எதுவும் கேக்கறதில்ல."

சுஜி எழுந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவின் கடைசியிலிருந்த டாக்டர் அறையை நோக்கி நடந்தாள். பாதி வழியில் வேகம் கூடி ஓட்டமாயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

தனம் அதே பெஞ்சிலிருந்து பாஸ்டரை அழைத்தாள்.

"பாஸ்டர், அந்த வீடியோவ எடுத்துடுங்க."

"சரி சிஸ்டர். ஞாயித்துக்கெழம பேசிட்டு..."

"இப்பவே எடுங்க. நான் லைன்ல கீறேன்."

அவர் மனைவியைக் கூப்பிடுவது, பாஸ்வேர்டு கேட்பது எல்லாம் காதில் விழுந்தது. அப்புறம் வீடியோவின் சத்தம் வந்தது. எடுப்பதற்குமுன் ஏதோ தவறி ஓடவிட்டுவிட்டார்கள். அம்மா, போதும்மா, வெச்சிரு. சட்டென்று நின்றது.

"எடுத்தாச்சு சிஸ்டர்" என்றார் துரை.

"ம்" என்று சொல்லிப் போனை வைத்தாள். வார்டு கதவின் கண்ணாடி வட்டத்தில், ரோஸ் நிறக் குல்லா போட்ட ஒரு சின்ன முகம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. யாரையோ தேடுகிற பார்வை. தனம் எழுந்து, அந்தப் பக்கம் போகாமல், படியிறங்கினாள்.

சுஜியிடமிருந்து போன் வரவில்லை. செவ்வாயும் புதனும் தனம் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. வியாழக்கிழமை பார்த்தால் சுஜி அவள் நம்பரை பிளாக் செய்திருந்தாள். கையெழுத்துப் போட்டாளா என்பதுகூடத் தெரியாது.

அடுத்த ஞாயிறு யேசுதாசன் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தான். கிண்டல் எதுவும் வரவில்லை. "மழ வர மாதிரி கீது, கொட எடுத்துகினு போ" என்றான்.

சபையில் ஜெபக்குறிப்புச் சொல்லும் நேரம் வந்தது. ஒருவருக்கு வேலை, ஒருவருக்குப் பெண் கல்யாணம், ஒருவருக்கு முழங்கால் வலி. தனம் பத்து மாதத்தில் முதல் தடவையாகக் கையைத் தூக்கினாள். தலைகள் திரும்பின. அவளுக்கு மைக்கைக் கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, அவளும் கேட்கவில்லை.

"ஸஹானான்னு ஒரு கொழந்த. எட்டு வயசு."

துரை நோட்டில் எழுதிக்கொண்டார். பேனாவை நிறுத்தி, மெல்லக் கேட்டார். "என்னன்னு ஜெபிக்கணும் சிஸ்டர்?"

அவள் உதடு கோணியது. சொல்லாமலே உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் பியூலா நினைத்தாள்.

"சுகம்னு கேளுங்க."

சபை மொத்தமும் எழுந்து ஒரே குரலில் ஜெபிக்கத் தொடங்கியது. டைல்ஸ் கடையின் தகரக் கூரையில் மழை விழுந்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவே தனம் சுவரோரமாக நின்று, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"கேக்கறேன். போன தடவ மாதிரி பண்ணிடாதீங்க ஆண்டவரே."